சுகர் ஊரில் ஒரு குழந்தை

புதுச்சேரியில் சுகர் இல்லாத வீடு குறைவு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டில் கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். காலையில் பீச் ரோட்டில் நடப்பவர்கள் "வெறும் வயித்துல எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டேதான் காந்தி சிலையைத் தாண்டுவார்கள். நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியாரும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இத்தனை பேருக்குத் தெரிந்த அந்த நோய்தான், 2024 ஆகஸ்டில் ஏழாவது படிக்கும் என் மகளுக்கு வந்தது வேறு என்று யாருக்கும் புரியாமல் செய்துவிட்டது.

பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் அவளுக்குப் போதவில்லை. ராத்திரி நாலைந்து முறை எழுந்தாள். யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன். "வயசுக்கு வர்ற நேரம், இளைக்கத்தான் செய்வா" என்றார் அத்தை. முதலில் காட்டிய இடத்தில் சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் வாந்தி. படுத்திருந்தவள் ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மீட்டரில் எண்ணே வரவில்லை. 600ஐத் தாண்டினால் அது 'ஹை' என்று மட்டும் காட்டுமாம்.

அவசரப் பிரிவில் சலைனும் இன்சுலினும் ஏறிக்கொண்டிருக்கும்போது இளம் டாக்டர் ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இது பாட்டிக்கு இருக்கிற சுகர் இல்லம்மா. இனிப்பு சாப்பிட்டதால வரல. நீங்க ஏதோ செய்யாம விட்டதாலயும் வரல." உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் செல்லுக்குள் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கிவிடும். மாத்திரையும் பத்தியமும் இங்கே உதவாது. ஊசி ஒன்றுதான் வழி.

வராந்தாவில் போனில் படித்தேன். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட லியனார்ட் தாம்சனுக்கு வயது 14, எடை 29 கிலோதான். என் மகளும் அன்று ஏறக்குறைய அந்த எடைதான் இருந்தாள். அதற்கு முந்தைய தலைமுறைப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தார்களாம். அந்தப் பையனோ இன்சுலினோடு இன்னும் 13 வருடம் வாழ்ந்தான். நோயைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

வீடு திரும்பியதும் நாள் முழுக்கக் கணக்கு. சாப்பாட்டுக்கு முன் மூன்று வேளையும் ஊசி, படுக்குமுன் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்னொன்று. பாட்டில் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100. பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். மாறினால் அளவு இரண்டரை மடங்கு தவறும். இட்லிக்கு எவ்வளவு, சாயங்காலம் அவளுக்குப் பிடித்த பிரெஞ்சு ரொட்டிக்கு எவ்வளவு என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பழகினோம். பிரான்சில் இருக்கும் நாத்தனார் தினமும் வீடியோவில் வருவார். அங்கே லிட்டருக்குக் கிராம் கணக்கு. நம் 180 அவருக்கு 1.80. கையில் ஒட்டும் சென்சாருக்கு அங்கே 2017 முதல் அரசுக் காப்பீடு பணம் கொடுக்கிறது. இங்கே ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கும்போது அது மனதை அறுக்கும்.

அதைவிட அறுத்தது இன்னொன்று. "பொம்பளப் புள்ள. வெளியில சொல்லாதீங்க, நாளைக்கு யார் கட்டுவாங்க?" என்றார்கள் உறவினர்கள். அத்தைக்கும் அதே பயம். அறுபது வயதில் கடற்கரையில் உரக்கச் சொல்லலாம். பன்னிரண்டு வயதில் மறைக்க வேண்டும். எனக்கு அடிவயிறு எரிந்தது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும், பிறகு மயக்கம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் அந்த நிமிடத்தில் யார் வாயில் சர்க்கரை போடுவார்கள்? வகுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லி, குளுக்கோஸ் பொட்டலத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் போயிருந்தது, ரெயின்போ நகரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. இன்சுலினில் ஐஸ் நேராகப் பட்டால் உறைந்து கெடும் என்பதால் துணி சுற்றி வாயகன்ற பிளாஸ்கில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறினோம். கீழ்த்தட்டில் இருந்த ஸ்ட்ரிப் டப்பா நனைந்துபோயிருந்தது.

விடிகாலையில் அவள் உதறினாள். மாடி வீட்டு அக்காவுக்கும் சுகர்தான். மீட்டர் கேட்டேன்.

"பாப்பாவுக்கா? எதுக்கு?"

மறைக்காமல் சொன்னேன். அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அவரே விரலைத் துடைத்துக் குத்தினார்: 62. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்து குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் 94. "நம்ம வீட்ல ஸ்ட்ரிப் நிறைய கெடக்கு, எடுத்துக்க" என்று டப்பாவையே கொடுத்தார். அந்நேரம் கிருஷ்ணா நகரில் ராணுவம் வீடுகளிலிருந்து ஆட்களை மீட்கத் தொடங்கியிருந்தது. பஸ், கடை ஒன்றும் இல்லை. ஸ்ட்ரிப் வாங்க வெளியே போயிருக்க முடியாது. அத்தை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு உறவினர்கள் வந்தார்கள். மகள் தட்டில் சர்க்கரைப் பொங்கல். "சின்னப் புள்ளைக்குச் சுகராமே, இதையெல்லாம் குடுக்கலாமா?" என்று ஒருவர் இழுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொன்னார்: "என் சுகர் வேற, அவ சுகர் வேற. அவளுக்கு உடம்புல இன்சுலின் ஊறாது. நிறுத்து வச்சு, அதுக்குத் தக்கபடி ஊசி போட்டுட்டுத்தான் சாப்புடுறா. நீங்க சாப்புடுங்க."