வட்டின் விளிம்பில் தீர்த்தம்

முன்னேஸ்வரம் கோயிலடியில் அர்ச்சனைத் தட்டுக் கடைகளைத் தாண்டினால் ஒரு பழைய ஸ்டூடியோ. முன்னறையில் விசாப் படம், லெமினேட். நான் போனது பின்னறைக்கு. உடப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் அங்கே இருந்து, சனங்கள் அலுமாரியில் வைத்து மறந்துபோன டிவிடிகளை போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறார். மூன்று கணினி, ஒன்றுக்கும் பக்க மூடி இல்லை. சூடு தாங்காதாம்.

என் கையில் ஒரே ஒரு வட்டு. மேலே மார்க்கர் பேனையால் "தீர்த்தம் 2007" என்று பெரியப்பாவின் எழுத்து. ஆவணித் திருவிழா முடிவில் சுவாமி தீர்த்தமாடப் போவது தெதுறு ஓயாவுக்கு. எங்கள் ஆட்களுக்கு அது மாயவனாறு. அன்றைக்குப் பெரியப்பா கமராவோடு கூடவே நடந்து எடுத்த படம் இது. கனடாவில் இருக்கிற மாமி "வாட்ஸ்அப்பில போட்டு விடு" என்று ஆறு மாதமாகக் கேட்கிறா.

தம்பி வட்டை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே சரித்துப் பிடித்தார். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் ஊதா நிறத்தில் இரண்டு வளையமாகத் தெரிய வேண்டும். இதில் ஒரே வளையம்தான்.

"விளிம்பு வரைக்கும் எழுதியிருக்கு அண்ணே. கடைசிப் பக்கம் சந்தேகந்தான்."

இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். டிவிடி அதற்கு நேர்மாறு, நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும். ஆகவே படத்தின் முடிவு வட்டின் விளிம்பில் கிடக்கிறது. நாம் விரல் வைத்துப் பிடிக்கிற இடமும், கடற்காற்றின் ஈரம் முதலில் ஏறுகிற இடமும் அதுவே. கலியாண டிவிடி என்றால் பெண்ணை அனுப்புகிற காட்சிதான் முதலில் போகும் என்றார். எனக்குச் சொரேர் என்றது. தீர்த்தத்தில் முடிவுதானே முக்கியம்?

மாற்றுகிற வேலையை உடனே தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் தொடவே இல்லை. முதலில் முழு வட்டையும் அப்படியே ஹார்ட் டிஸ்கில் இறக்க வேண்டுமாம். சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் கெட்ட இடம் வந்ததும் கணினி முரண்டு பிடித்து நின்றுவிடும். அவர் வைத்திருப்பது டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள். ஒரு டிவிடியில் 2,048 பைட் அளவில் ஏறத்தாழ 23 இலட்சம் துண்டுகள். நல்லவற்றை முதலில் அள்ளிவிட்டுக் கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு கணக்குக் கோப்பும் எழுதி வைக்கும். அந்தக் கணக்கோடு வட்டை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும். அதற்காகவே பழைய கணினிகளிலிருந்து கழற்றிய நான்கு டிரைவுகளை மேசைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ராத்திரி ஓடட்டும், நாளைக்கு வாங்க என்றார்.

மறுநாள்தான் படத்தை மாற்றுகிற ஹேண்ட்பிரேக் மென்பொருள் திறந்தது. எரிக் பெட்டி என்பவர் 2003இல் எழுதத் தொடங்கியது; காசில்லை, விளம்பரமில்லை. டிவிடியில் இருக்கிற எம்பெக்-2 படத்தை எச்.264 ஆக்கினால், 4 ஜிபிக்கு மேல் இருந்தது ஒன்று, ஒன்றரை ஜிபிக்கு வந்துவிடும். பொத்தானை அமத்தினால் போதுமே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினார். தவில்காரரின் கை. விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக.

பழைய ரி.விக்காக எடுத்த படம் அது. நொடிக்கு 50 அரைப்படம். ஒன்றில் ஒற்றை வரிகள், அடுத்ததில் இரட்டை வரிகள். இரண்டையும் ஒட்டி ஒரு படமாக்கினால், இடையில் கை நகர்ந்திருக்கும், ஆகவே சீப்புப் பல். பலர் இதைத் தேய்த்து 25 படமாக்கிவிடுகிறார்கள். இவர் 'பாப்' என்ற தெரிவைப் போட்டு ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக்கி 50 ஆகவே வைக்கிறார். இரண்டையும் ஓட்டிக் காட்டினார். 25இல் தவில் அடி மங்கல். 50இல் கை விழுவதும் எழுவதும் தனித்தனியாகத் தெரிந்தது. கோப்புக் கொஞ்சம் பெருக்கும்தான். பெருக்கட்டும்.

மாற்றிய கோப்பை அவர் எம்கேவி வடிவில்தான் முதலில் எடுப்பார். அதற்குக் காரணம் 2022 மின்வெட்டு. வழக்கமான எம்பி4 கோப்பு, எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். பாதியில் கரண்ட் போனால் அதுவரை செய்ததும் திறக்காது. எம்கேவி போன இடம் வரைக்கும் ஓடும். முழுவதும் முடிந்த பிறகு எம்பி4க்கு மாற்றிக் கொடுப்பார். அது சில நிமிட வேலை.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "சின்னதாக்கித் தாங்க" என்பதைத்தானாம். சிங்களக் குடும்பங்களும் வருகிறார்கள், நேர்த்திக்கு வந்த நாள், பிள்ளைக்குச் சோறு தீத்திய நாள் என்று. சின்னதாக்கியதும் வட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இவர் கேட்காமலே வட்டின் முழுப் பிரதியையும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறார். சுருக்கியதை மறுபடி விரிக்க முடியாது என்பதை விளங்கப்படுத்துகிற பொறுமை எனக்கென்றால் வராது. எங்கள் புத்தகங்களைக் காக்க 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் இருக்கிறது. பெரியப்பாவின் கமராவுக்கு வாய்த்தது இந்தப் பின்னறை.

மூன்று டிரைவில் போட்டும் விளிம்பில் கொஞ்சம் வரவே இல்லை. எங்கே என்று ஓட்டிப் பார்த்தோம். ஆற்றங்கரை. குடைகள். சுவாமியைத் தண்ணீருக்கு இறக்குகிறார்கள். அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. எம்பெக்-2இல் ஒரு முழுப்படத்தை வைத்துத்தான் அடுத்த பத்துப் பன்னிரண்டு படமும் நிற்கும். அந்த ஒன்று போனால் அரை நொடி போச்சு. ஒலி அப்படியில்லை, சின்னச் சின்னத் துண்டு, உடனே தேறிவிடும். உடைந்த சதுரங்களுக்கு மேலே சனங்களின் "அரோகரா" தெளிவாகக் கேட்டது. நடுவில் பெரியப்பாவின் இருமல்.

"இந்த இடத்த வெட்டிரவா அண்ணே?"

"வேணாம் தம்பி. இருக்கட்டும்."