விழப் பழகிய மணல்

தை அறுவடை முடிந்து வைக்கோல்போர் ஏறிவிட்டால், பேராவூரணிப் பக்கத்து வயல்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் பகுதி. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். அதனால், உளுந்து தெளிக்காமல் விட்ட வயல் அடுத்த தண்ணீர் வரும்வரை சும்மா கிடக்கும். பெரிய பையன்கள் அங்கே கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் ஆடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தென்னந்தோப்பு. கடல் பக்கம் என்பதால் மணல் கலந்த மண். விழுந்தால் சிராய்க்காது. அந்த மணலைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நான் வாழும் சென்னையில் ஐந்து வயதிலேயே கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். காலில் பேடு, தலையில் ஹெல்மெட். பந்து எங்கே வந்து விழும் என்று கண்ணுக்குப் பிடிபடும் முன்பே மட்டையை எப்படி வீசுவது என்று பாடம் தொடங்கிவிடுகிறது. ஓடுவது, தாவுவது, நொண்டுவது, எறிவது, பிடிப்பது, அடிப்பது, தடுமாறாமல் நிற்பது: இவை உடம்பில் ஊறிய பிறகுதான் தனி விளையாட்டு என்று உடற்கல்வி படித்தவர்கள் சொல்கிறார்கள். அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஓட்டப்பந்தயம் கிடையாது. உயரமும் எடையும் பார்த்த பின் இரண்டே சோதனைகள். ஒற்றைக்காலில் நிற்பது ஒன்று. இரண்டு வட்டுகளை ஒரு கையால் மாறி மாறித் தட்டுவது மற்றொன்று. முதலாவதற்கு, எங்கள் கோடியக்கரைக்கு வந்து போகும் பூநாரையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஒற்றைக்காலில் நிற்க எங்களுக்குப் பாண்டி ஆட்டம் சொல்லிக்கொடுத்தது. ஓட்டுச் சில்லைச் சரியான கட்டத்தில் போடவேண்டும், அது கைக்கணக்கு. கோட்டை மிதிக்காமல் நொண்டிப் போகவேண்டும், அது கால்கணக்கு. சில்லைத் தலையில் வைத்து, கீழே பார்க்காமல் ஒவ்வொரு கட்டமாக நடந்து, சரியா சரியா என்று கேட்டுக்கொண்டே கடக்கும் கட்டம் ஒன்று உண்டு. பாதம் எங்கே இருக்கிறது என்பதைக் கண் சொல்லாமலே உடம்பு அறிந்துகொள்ளும் வித்தை அது. பச்சைக்குதிரையில் குனிபவர் முதலில் கால் கட்டைவிரலைப் பிடித்துக் குனிவார். பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று மெல்ல மெல்ல நிமிர்வார். தாண்டுபவரின் வலுவுக்கு ஏற்பச் சோதனையும் உயரும். அஞ்சாங்கல்லில் மேலே போன கல்லைக் கண் பார்த்திருக்க, கை தரையில் கிடப்பதை அள்ளும். கிட்டிப்புள்ளில், கிளம்பிய புள்ளை அது காற்றில் இருக்கும்போதே அடிக்கவேண்டும். இத்தனையும் முடித்துத்தான் ஒருவன் சடுகுடு கோட்டருகே வருவான்.

இந்த வரிசையை யாரும் எழுதி வைத்துச் சொல்லித்தரவில்லை. ஆட்டங்களை எழுதி வைத்தார் தேவநேயப் பாவாணர். அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ 1954இல் வந்தது. ஆனால் பிள்ளையின் உடம்பு வளரும் படிகளைக் கவனித்துப் பாடும் பழக்கம் அதற்கும் வெகுகாலம் முந்தியது. இதே சோழ நாட்டில், 12ஆம் நூற்றாண்டில், ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். கையூன்றித் தலைநிமிர்ந்து அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடை நடந்து வருவது வாரானை, தேர் இழுப்பது சிறுதேர். பெண்பிள்ளைக்குப் பாடினால் கழங்கும் அம்மானையும் ஊசலும் வரும். ஒவ்வொரு பருவத்துக்கும் பத்துப் பாட்டு. அடுத்த படிக்குப் போ என்று விரட்டாமல், இருக்கும் படியிலேயே பிள்ளையைக் கொண்டாடிவிட்டுத்தான் புலவர் நகர்ந்தார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வீசியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தோப்புகளில் தென்னை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. காய்த்துக்கொண்டிருந்த மரத்தை ரம்பம் வைத்து அறுத்து அப்புறப்படுத்தியவர்களின் துயரத்துக்கு முன்னால் விளையாட்டைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நிழல் போனது பிள்ளைகளுக்கும் இழப்புதான். மறுபடி நட்ட கன்றுகள் இப்போது வளர்ந்துவிட்டன. நிழல் திரும்பிவருகிறது. பிள்ளைகள்தான் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து ஆடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த மூன்று மணி நேரம் தோப்பில் எப்படிக் கழியும் என்றே எங்களுக்குத் தெரியாது; சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டால்தான் பொழுது போனது தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் ஏங்குவது ஓர் ஆட்டத்துக்காக அல்ல, ஒரு வழக்கத்துக்காக. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்டுசிண்டுகளை யாரும் விரட்டமாட்டார்கள். ‘இவ ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பிள்ளை எல்லோரோடும் ஓடும், கத்தும், ஒளியும். தொட்டாலும் அவுட் இல்லை, விழுந்தாலும் தோல்வி இல்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அதன் காலும் கையும் பழகிவிடும். என்றோ ஒருநாள் ‘இனிமே நீ நெசமாவே ஆட்டத்துல இருக்க’ என்று அறிவிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆட்டத்துக்குள் வந்தேன். அன்று வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்ன சந்தோஷத்தைப் பிறகு எந்தக் கோப்பையும் எனக்குத் தரவில்லை.

கோச்சிங் வகுப்புகளில் மூன்றாம் மாதமே போட்டி வைத்து மெடல் தருகிறார்கள். தோற்ற பிள்ளை அழுதுகொண்டே கார் ஏறுகிறது. என் மகளுக்கும் ஐந்து வயது ஆகப்போகிறது. அவளைச் சேர்க்கும் இடத்தில் நான் கேட்கப்போவது ஒன்றுதான். முதல் ஒரு வருஷம் அவள் ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம். பெரிய பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக அவளை ஓடவிடுங்கள்.