கொல்லிமலை அடிவாரத்திலிருந்து கீழக்கரை வரை



உங்கள் இல்லத்தில் கடலைக் காணாத முதியவர் எவரேனும் உள்ளனரா என்று சற்றே எண்ணிப் பாருங்கள். எங்கள் இல்லத்தில் ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்த என் தாயார்தாம் அவர்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம். 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வரும் பலாவும் மிளகும் மலைவாழையும் எங்களுக்குப் பழக்கமானவை. கடலோ வெகு தொலைவு.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். தூத்துக்குடி, கொச்சி, மும்பை என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவர். ஒவ்வொரு பெருநாளிலும், "அடுத்த வருஷம் உன்னையும் கடலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று அம்மாவிடம் சொல்வார். அந்த அடுத்த வருடம் வருவதற்கு முன்பே இறைவனின் அழைப்பு வந்துவிட்டது. அத்தா விட்டுச் சென்ற கடன்களில் தீராமல் நின்றது இந்த ஒன்றுதான். அதை நிறைவேற்றவே சென்ற தை மாதம் ஒரு வாடகைக் காரில் குடும்பத்துடன் புறப்பட்டோம்.

மூட்டுவலியால் அவதியுறும் அம்மாவால் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருக்க இயலாது. ஆகவே மணிக்கொரு முறை வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். தொடக்கத்தில் இதைத் தடை என்றே கருதினேன். அதுவே எங்கள் பயணத்தின் பேறு என்பதைப் போகப் போக உணர்ந்தேன்.

நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியின் வடகரையை ஒட்டிச் சென்றோம். வாழைத் தோட்டங்களின் நிழலில் முதல் ஓய்வு. திருச்சியில் நத்ஹர் வலி தர்காவில் ஸியாரத் முடித்து, தஞ்சை, திருவாரூர் வழியே மாலையில் நாகூரை அடைந்தோம். தர்காவின் ஐந்து மனோராக்களுள் உயரமானதைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பினார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மாற்று மதத்து மன்னர் ஒருவர் நன்றியுடன் எழுப்பிய கோபுரத்தை அவர்கள் வியந்து நோக்கினர்.

மறுநாள் காலை ஃபஜ்ருக்குப் பின் அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். அலை காலை நனைத்ததும், "உங்க அத்தா சொன்னபோது இவ்வளவு பெரிசு என்று நான் நம்பவில்லையே" என்றார். பின்னர் அத்தாவுக்காக துஆச் செய்தார். அங்கிருந்த மீனவப் பெண்மணி ஒருவர் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உறவினரை இழந்ததைக் கூறினார். தமிழகத்தில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது நாகை மாவட்டமே. அந்தப் பெண்மணியின் கரத்தை அம்மா வெகுநேரம் விடவே இல்லை.

அங்கிருந்து தெற்கே வேதாரண்யம். வெண்மணல் மேடுகள் போல் உப்பு குவிந்திருந்தது. 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு எடுத்த மண் இது. அந்த நடைப்பயணத்திற்குப் பாடல் இயற்றித் தந்தவர் எங்கள் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மலைநாட்டுக்கும் இக்கடலுக்கும் இப்படியும் ஓர் உறவு இருக்கிறது.

முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளையும், 1955 முதல் கல்விப்பணி ஆற்றிவரும் காதிர் முகைதீன் கல்லூரி அமைந்த அதிராம்பட்டினத்தையும் கடந்தோம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் சாய்த்த தென்னைகளின் இடத்தில் புதுக் கன்றுகள் நிமிர்ந்திருந்தன. மல்லிப்பட்டினம் அருகே இரண்டாம் சரபோஜி மன்னர் 1814இல் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் நிற்கிறது. அதன் பெயரும் மனோராதான். 'மனாரா' என்ற அரபுச் சொல் நம் கடற்கரையில் எவ்வளவு இயல்பாகத் தமிழாகிவிட்டது, பாருங்கள்!

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

வழியில் ஒரு சிற்றூரில் ளுஹருக்கு நிறுத்தினோம். பயணிகளுக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கி இறைவன் சலுகை தந்துள்ளான். நாங்கள் ஹனஃபி, அவ்வூரார் ஷாஃபி. எனினும் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதோம். ஆனால் அம்மாவும் என் மனைவியும் உச்சி வெயிலில் காருக்குள் அமர்ந்திருந்தனர். பெண்கள் உளூச் செய்யவோ தொழவோ அங்கே இடமில்லை. மார்க்கம் சலுகை தந்த பயணிக்கு நாம் ஒரு பாய் விரிக்கும் இடம் தரவில்லையே என்று என் உள்ளம் குமைந்தது.

தொழுது திரும்பியபோது காரில் எவரும் இல்லை. எதிர்வீட்டு வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. அவ்வீட்டு மூதாட்டி, "உம்மா, வெயிலில் ஏன் இருக்கிறீர்கள்? உள்ளே வாருங்கள்" என்று கைப்பிடித்து அழைத்துச் சென்றிருக்கிறார். உளூவுக்குத் தண்ணீர் தந்து, அமர்ந்து தொழ நாற்காலியும் இட்டு, பின்னர் இறால் வாடாவும் தேநீரும் கொடுத்திருக்கிறார். அம்மா கொல்லிமலை வாழைப்பழச் சீப்பு ஒன்றை அவருக்கு அன்பளித்தார். இருவரும் முன்பின் அறியாதவர்கள். பிரியும்போது இருவர் கண்களும் கலங்கின.

இறுதியாகக் கீழக்கரை. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி வாழ்ந்து மறைந்த ஊர். தமிழகக் கல்மண்டபங்களைப் போன்ற தூண்களைக் கொண்ட பழமையான ஜும்ஆப் பள்ளியைக் கண்டு களித்தோம். இங்கே தந்தை 'வாப்பா', தாய் 'உம்மா'. எங்கள் பக்கத்திலோ அத்தா, அம்மா. பிள்ளைகள் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். தொதல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

வீடு வந்த மறுநாள் அம்மா கேட்டார்: "நம்ம ஊர் வழியாகத்தானே இத்தனை பேர் கொல்லிமலைக்குப் போகிறார்கள்? அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கே தொழுவார்கள்?" என்னிடம் பதில் இல்லை. அடுத்தவர் ஊரைக் குறை கூறிய நான் என் ஊரை எண்ணிப் பார்க்கவே இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டு முன்னறை பயணப் பெண்களுக்காகத் திறந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீர், இரண்டு பாய், ஒரு நாற்காலி. இதற்கு மேல் செலவில்லை.

வாசகப் பெருமக்களே! பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை நம்மை அழைக்கிறது. அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாமல் உங்கள் முதியோரை அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய வேகத்திலேயே செல்லுங்கள். உங்கள் ஊர் ஏதேனும் ஒரு சாலையோரத்தில் இருக்குமாயின், வழியில் வரும் பெண்களுக்காக ஒரு கதவைத் திறந்து வையுங்கள். பள்ளி நிர்வாகிகளும் இதைச் சிந்திக்கட்டும். வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக, ஆமீன்.