ஆஸ் ஜோடியும் புளியங்கொட்டையும்

எங்கள் ஆட்டம் ஞாயிறு சாயங்காலம். திங்கள் ராத்திரியே கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை கூடிவிடும், எங்களில் இரண்டு பேர் அங்கே கடை போடுகிறவர்கள். மொட்டை மாடியில் ஆறு பேர், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு இருநூறு புளியங்கொட்டை. காசு கிடையாது. போக்கர் திறமை விளையாட்டுத்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைனில் காசு கட்டி ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. புளியங்கொட்டையைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை.

ஹோல்டெம் ஆட்டத்தில் கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து, பந்தயம் கட்ட நான்கு சுற்று. மோசமான கையை என்ன செய்வது என்பதைப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம், போட்டுவிட வேண்டியதுதான். நல்ல கைதான் பாடாய்ப் படுத்தும். ஏற்றுவதா, கூட வைத்துவிட்டுச் சும்மா இருப்பதா? ரெய்ஸா, காலா?

ஒரு ஞாயிறு எனக்கு ஆஸ் ஜோடி வந்தது. 221 கைக்கு ஒரு தடவை வருகிற கை. ஏற்றினால் எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டால் இவ்வளவு நல்ல கை வீணாகிவிடுமே என்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இரண்டே கொட்டை போட்டுக் கால் செய்தேன். ஆறு பேரும் உள்ளே. நடுவில் ராஜா, எட்டு, மூன்று விழுந்தன. நான் பத்து வைத்தேன். நான்கு பேர் போட்டுவிட்டார்கள். மஞ்சள் மண்டி அண்ணன் மட்டும் முப்பதாக ஏற்றினார். நம்பவில்லை. கடைசிச் சீட்டு வரைக்கும் போய் நூற்று நாற்பது கொட்டையைத் தொலைத்தேன். அவர் திருப்பிக் காட்டியது எட்டும் மூன்றும்.

"ஏனுங்ணா, எட்டும் மூணும் வெச்சுட்டா உள்ள வந்தீங்க?"

"நீதான தம்பி வெத்தல பாக்கு வெச்சுக் கூப்ட்ட."

உண்மைதான். முதலில் எட்டாக ஏற்றியிருந்தால் அந்தக் கை அப்போதே போயிருக்கும். ஏதோ ஒரு கையோடு இருக்கும் ஒருவரை எதிர்த்தால் ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும்; ஐந்து பேரை எதிர்த்தால் 49. ஆறு பேரில் 49 என்பதும் லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான். ஆனால் நடுவில் கிடந்தது பன்னிரண்டு கொட்டை. யாரிடம் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. எட்டாக ஏற்றி, இரண்டு பேர் கூட வந்திருந்தால் இருபதுக்கு மேல் கிடந்திருக்கும், அவர்கள் கையில் என்ன இருக்கும் என்று ஓரளவு கணக்கும் போட்டிருக்கலாம். ஏற்றுவதை எதிராளியை விரட்டுகிற வேலை என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. அது சரக்குக்கு விலை சொல்வது. சும்மா கால் செய்துகொண்டே இருந்தால் கடைசிச் சீட்டு நம் காலையே வாரிவிடும்.

விலையைச் சரியாகச் சொல்வதும் முக்கியம். நடுவில் நூறு கொட்டை, நடுச் சீட்டில் இரண்டு ஆர்ட்டீன். எதிராளி கையில் இன்னும் இரண்டு ஆர்ட்டீன் இருந்தால், இன்னொன்று வந்தால் ஐந்தும் ஆர்ட்டீனாகி அவர் கை கூடிவிடும். தெரியாத 47 சீட்டில் அதற்கு ஒன்பது. அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீதம். நான் இருபது வைத்தால் அவர் இருபது போட்டு 120-க்கு ஆடுகிறார். 14 சதவீத வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டும். 75 வைத்தால் 30 சதவீதம் வேண்டும். அப்போது வந்தால் நஷ்டத்துக்குத்தான் வருகிறார். ஒன்றுமே வைக்காமல் தட்டிவிட்டால் ஓசியில் சீட்டுக் கொடுத்தேன் என்று பொருள்.

ஒளிந்திருக்கவும் நேரம் உண்டு. கையில் எட்டு ஜோடி. நடுவில் ராஜா, எட்டு, இரண்டு, மூன்றும் மூன்று இனம். எதிரே ஜவுளிக்கார மாப்பிள்ளை. கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் மீதி மூன்று சுற்றும் வைத்தே தீருவார். இங்கே ஏற்றினால் பயந்து போட்டுவிடுவார். எந்தச் சீட்டு வந்தாலும் என்னைப் பெரிதாகக் கெடுக்காது. முதல் இரண்டு சுற்றும் கால், கடைசியில் ரெய்ஸ்.

1988 உலகப் போக்கர் இறுதியில் ஜானி சான் செய்ததும் இந்த வகைதான். முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே அவருக்கு வரிசை அமைந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. ராணி ஜோடியோடு இருந்த எரிக் சைடல் கடைசியில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டார். 1998-ல் 'ரவுண்டர்ஸ்' படம் அந்தக் கையை ஊரெங்கும் கொண்டுபோனது. என்னைப் போன்றவர்களைக் கெடுத்ததும் அதுதான். அங்கே இருந்தது இரண்டே பேர், ஓசிச் சீட்டால் ஆபத்தும் குறைவு. நான் அதே நடிப்பை ஆறு பேர் நடுவில், வெறும் ஜோடியோடு நடித்தேன். எதிராளியைப் பொறியில் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை, வேறென்ன.

மண்டி அண்ணன் சொல்வார்: "மறைமுக ஏலத்துல வெல ஒரே தடவதான் எழுத முடியும். இங்க நாலு தடவ எழுதலாம். மொதத் தடவயே ஏன் தம்பி வெறுஞ்சீட்டப் போடற?"

போன ஞாயிறு மறுபடி ஆஸ் ஜோடி வந்தது. எட்டாக ஏற்றினேன். ஐந்து பேரும் போட்டுவிட்டார்கள். கிடைத்தது, ஆட்டம் தொடங்கக் கட்டாயமாக வைக்கிற மூன்று புளியங்கொட்டை.