ஊற்றினால் அறிவதும் காட்சியே

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் நம் மாணவனொருவன், கிருலப்பனையிலுள்ள என் இல்லத்துக்கு ஒரு மாலை வந்தான். உயிர் மூலக்கூறுகளை ஆராயும் புதுக்கருவி ஒன்றினைத் தமிழ்நாட்டார் ‘அணுவிசை நுண்ணோக்கி’ என்கின்றனர், “அது பொருத்தமான சொல்லா, சேர்?” என்று வினவினான். தமிழாசிரியனிடம் விஞ்ஞானம் கேட்க எவரும் வருவதில்லை. சொல் கேட்டே வருவர். ஆயினும் தமிழிற் பரீட்சை எழுதிப் பின் ஆங்கிலத்திற் பயிலச் செல்லும் பிள்ளைக்குச் சொல் பொருளை மறைக்குமாயின், நாம் கற்பித்தது வீணாகும். எனவே பொருளையே முதலில் ஆராய்ந்தோம்.

1986ஆம் ஆண்டில் பின்னிக், குவேற், கேர்பர் என்னும் மூவர் இக்கருவியை உலகுக்கு அறிவித்தனர். இது வில்லைகொண்டு பொருளைப் பார்ப்பதன்று. நெகிழும் மெல்லிய தகடொன்றின் நுனியில், சில நனோமீற்றரளவே கூர்நுனியுடைய முள்ளொன்று உண்டு. அது மேற்பரப்பை வரிவரியாகத் தடவிச் செல்கின்றது. முள்ளின் அணுக்களுக்கும் பொருளின் அணுக்களுக்குமிடையே எழும் விசை தகட்டை வளைக்கின்றது, பெயர்க்காரணம் அதுவே. தகட்டின் முதுகிற்பட்டுத் தெறிக்கும் லேசர்க் கதிரின் விலகலை அளந்து கணினி உருவம் வரைகின்றது. என் பாட்டனாரின் ஏடுகளில் மை மங்கிய எழுத்துக்களை நகநுனியால் தடவியே அறிந்த எனக்கு, இம்முறை அத்துணைப் புதுமையாகத் தோன்றவில்லை!

இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பொதுவாகப் பொருளை வெற்றிடத்தில் வைத்தல் வேண்டும். அதற்கெனப் புரதத்தை உலர்த்தவோ உறையவைக்கவோ நேரும். இம்முள்ளோ நீருக்குள்ளும் தடவும். 2010இல் யப்பானியக் கனசாவா பல்கலைக்கழகத்தார், மயோசின் இனப் புரதமொன்று அக்தின் இழைமீது அடிபெயர்த்து நடப்பதையே படமாக்கினர்.

நமக்கு அணித்தான செய்தியும் ஒன்றுண்டு. தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறாக அமைந்ததென, 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர். எக்ஸ் கதிர்ப் படத்துப் புள்ளிகளைக் கணித்துப் பெற்ற முடிபு அது. அக்கயிறுகள் பல அடுக்குற்று அமைந்த நாரின்மீது இன்று முள்ளை ஓட்டினால், ஏறக்குறைய 67 நனோமீற்றருக்கு ஒருமுறை மேடும் பள்ளமும் மாறிமாறி வருதலைக் காணலாம். மயிரின் தடிப்பில் அஃது ஆயிரத்திலொரு பங்களவே.

இனிச் சொல்லுக்கு வருவோம். நோக்குதல் காண்பானின் தொழில். காட்டுதல் கருவியின் தொழில். நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் ‘நுணுக்குக்காட்டி’யைப் பழஞ்சொல்லென எள்ளுவாரும் உளர். ஊற்றினால் அறிந்து கண்ணுக்குக் காட்டும் கருவிக்கு அதனினும் பொருந்துஞ் சொல் யான் அறியேன். ‘நுண்ணோக்கி’ வில்லையுடைய கருவிக்கே இருக்கட்டும்.