பனி விலகிற்றா?

எனக்கு ஒரு காலத்தில் புகைப்படப் பைத்தியம் பிடித்திருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எழுதுவதெல்லாம் கற்பனை, படமாவது உண்மையாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

1968 மே மாதம் அப்பாவைக் கோடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்த நாளில் புரை நன்றாக முற்றிய பிறகுதான் அறுப்பார்கள். "எல்லாம் பாலுக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறது. இருந்தாலும் தூண் பாறைக்குக் கூட்டிப் போ. நல்ல வெயிலில் கோடு கோடாகவாவது தெரியாதா?" என்றார்.

தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மூன்று கருங்கல் தூண்கள் அவை. உயரம் ஏறக்குறைய 400 அடி. நாங்கள் போய்ச் சேருவதற்குள் மூடுபனி முந்திக்கொண்டது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சரிவில் மேலேறும். உச்சிக் குளிரில் பனியாகத் திரளும். காலையில் சீக்கிரம் வராதவனுக்கு அதுதான் தண்டனை.

காமிராவில் பன்னிரண்டில் இரண்டு படமே மிச்சம். அமெரிக்காவின் ஆன்ஸல் ஆடம்ஸ் 1927-இல் ஹாஃப் டோம் பாறையின் முன் கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டு, வானத்தைக் கறுக்க வைத்த கதையைப் படித்திருந்தேன். நானும் ஓர் ஆடம்ஸ் என்ற நினைப்பு! ஆனால் வடிகட்டி தூரத்து நீலப் புகைமூட்டத்தைத்தான் குறைக்கும், மூடுபனியிடம் பலிக்காது. அதன் துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடித்துவிடும். லைட் மீட்டரும் பனியின் வெளுப்பில் ஏமாந்துபோகும். அது சொன்னபடி எடுத்தால் வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் கழிந்தது. திடீரென்று கூட்டம் "ஆ!" என்றது.

"விலகிற்றாடா?" என்றார் அப்பா.

"இருங்கள் அப்பா."

"எப்படி இருக்கிறது? சொல்லேன்."

"ஒரு நிமிஷம் இருங்கள்!"

திறப்பை மாற்றி, தூரத்தைச் சரிபார்த்து, இரண்டு படமும் எடுத்து நிமிர்ந்தேன். பாறையைக் காணோம். அப்பாவிடம் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? நான் பார்த்தது எண்களைத்தானே!

அதற்குள் பக்கத்திலிருந்த யாருடைய குழந்தையோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது: "மூணு தூண், தாத்தா. ராட்சசன் வீடு கட்ட நட்டிருக்கான். வானம் வரைக்கும் இருக்கு. கூரை போட மறந்துட்டான்." அப்பா பனியைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். திரும்பும் வழியெல்லாம் அந்தக் கூரையைப் பற்றித்தான் பேச்சு.

மறு வருஷம் அவருக்கு அறுவை நடந்தது. அந்தக் காலத்துத் தடித்த கண்ணாடி எதையும் ஏறக்குறையக் கால் பங்கு பெரிதாகக் காட்டும். அதைப் போட்டதும் என் படத்தை எடுத்துக் கொடுத்தேன். நல்ல படம், பாறையின் வெடிப்புகூடத் தெரியும். அப்பா அருகே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை காட்டின அளவுக்குப் பெரிதாக இல்லையேடா" என்றார்.

அப்பா இப்போது இல்லை. படம் மேஜை மேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் காதில் விழுவது, "சொல்லேன்" என்ற அந்தக் குரல்தான்.