சிமிட்டல்

2024 நவம்பர், காலை பத்து மணி. முக்கூடல் பக்கத்தில் ஒரு சிற்றூர். திண்ணையில் முறம் நிறையப் பீடி இலை, மேலே கத்தரிக்கோல். ஆச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தபால்காரர் நீட்டிய ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கிறாள். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல். அதுவும் இல்லை. பத்து விரலும் ஆயிற்று.

நாளுக்கு ஆயிரம் பீடி என்று நாற்பது வருசம் இலையும் நூலும் உரசிய விரல்கள். அந்த வேலைக்குத்தான் ஆச்சிக்கு ஓய்வூதியம். ரேகையைத் தேய்த்ததும் அந்த வேலைதான்.

தபால்காரர் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுச் செல்போனை எடுக்கிறார். “மூஞ்சியக் காட்டுனாப் போதும் ஆச்சி.”

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடிருக்கிறார் என்று காட்டும் உயிர்வாழ் சான்றுக்கு 2021 நவம்பரில் வந்த வழி இது. ஆதாரில் உள்ள படத்தோடு முகத்தைச் செயற்கை நுண்ணறிவு ஒத்துப் பார்க்கிறது. எதிரே இருப்பது படமல்ல, ஆள்தான் என்று அறியக் கண் சிமிட்டச் சொல்கிறது.

திண்ணை இருட்டு. முற்றத்து வெயிலுக்கு நாற்காலி போகிறது. திரையில் ஒரு வட்டம், அதற்குள் அவள் முகம். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. ஆச்சி இமைக்காமல் விறைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

“சிமிட்டுங்க ஆச்சி.”

“போட்டோ எடுக்கையில சிமிட்டாதன்னுல்லாய்யா சொல்லுவாவ!”

மறுமுறை, சாமி கும்பிடுவதுபோல் இறுக மூடிக்கொள்கிறாள். மூன்றாம் முறை முகம் வட்டத்தைவிட்டு விலகிவிட்டது. தபால்காரர் அலுத்துக்கொள்ளவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துத் தானே இரண்டு தரம் சிமிட்டிக் காட்டுகிறார். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இமையும் தாழ்ந்து எழுந்தது. வட்டம் பச்சையானது.

மென்பொருள் செய்தவர்கள் இந்த முற்றத்தில் ஒரு காலை உட்கார்ந்திருந்தால், அந்த ஆங்கில வரி இருந்த இடத்தில் தமிழில் ஒரு குரல் பேசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“பணம் வந்துருமாய்யா?”

“வந்துரும்.”

மாதம் 1,000 ரூபாய். குறைந்தபட்சம் இவ்வளவு என்று 2014 செப்டம்பரில் வைத்தது. இணையவழி உயிர்வாழ் சான்று தொடங்கியதும் அதே 2014 நவம்பரில்தான். சான்று விரலிலிருந்து முகத்துக்கு வந்துவிட்டது. ஆயிரம் ஆயிரமாகவே இருக்கிறது.

ஆச்சி முறத்தடிக்குத் திரும்பிக் கத்தரிக்கோலைத் தேடுகிறாள். மருமகளுக்கு இலை வெட்டிக் கொடுக்க வேண்டும். தபால்காரர் சைக்கிளை எடுத்தார். மேலத்தெருவில் படுத்த படுக்கையாய் ஒரு தாத்தா. சன்னல் இல்லாத அறையாம்.

“வெயில் இருக்கும்போதே போயிரணும்.”